அழித்தால் அழியுமா?

ஒரு சிறு புதிருடன் தொடங்குவோம். முழு நீளத் திரைப்படம் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றுகிறீர்கள். பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பின்பு அதே படத்தை அழிக்கிறீர்கள். கண் இமைக்கும் நேரத்தில் அது மறைந்துவிடுகிறது. எழுதுவதற்குப் பல நிமிடங்கள் பிடித்த ஒன்றை அழிப்பதற்கு ஒரு நொடி போதுமானதாக இருக்கிறதே, ஏன்?

விடை எளியது. கணினி அந்தப் படத்தை அழிக்கவே இல்லை!

இது வெறும் வேடிக்கைச் செய்தி அன்று. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கி அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அப்படி ஒன்றைப் பெற்ற அண்ணனோ அக்காவோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்கள் படித்து முடித்து வேலைக்குப் போனபின், அந்தக் கணினியை அடுத்த தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதனுள்ளே அப்பாவின் ஆதார் அட்டைப் படி, அம்மாவின் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் படம், அக்காவின் மதிப்பெண் சான்றிதழ், குடும்ப நிழற்படங்கள் எல்லாம் இருந்தன. ‘அழித்துவிட்டோமே’ என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அழிந்தனவா?

அட்டை போயிற்று, புத்தகம் இருக்கிறது

பெரிய நூலகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாயிலருகே ஓர் அலமாரி. அதில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை. நூலின் பெயரும், அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். நூலகர் ஓர் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? அட்டையைப் பார்த்துத் தேடுபவருக்கு அந்த நூல் இல்லை. ஆனால் அடுக்குகளுக்கிடையே நடந்து சென்று ஒவ்வொரு நூலாகப் பார்ப்பவருக்கு அது கிடைத்துவிடும்.

கணினியும் இப்படித்தான் கோப்புகளை வைத்திருக்கிறது. கோப்பின் பெயரும் இடமும் ஒரு பட்டியலில் இருக்கும். கோப்பின் உள்ளடக்கம் வேறோர் இடத்தில் இருக்கும். நீங்கள் ஒரு கோப்பைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பும்போது அட்டை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாறுகிறது. தொட்டியைக் காலி செய்யும்போது அட்டை கிழிக்கப்படுகிறது. ‘இந்த இடம் காலி, வேறு கோப்பு வரலாம்’ என்ற குறிப்பு மட்டும் எழுதப்படுகிறது. ‘குவிக் ஃபார்மட்’ செய்தால், அட்டை அலமாரியையே எடுத்துவிட்டுப் புதிய வெற்று அலமாரி ஒன்றை வைக்கிறோம். அப்போதும் நூல்கள் அடுக்குகளிலேயே இருக்கின்றன!

அழித்த கோப்புகளை மீட்டுத் தரும் மென்பொருள்கள் செய்வது இதைத்தான். அவை அட்டைகளை நம்புவதில்லை. அடுக்கு அடுக்காகச் சென்று தேடுகின்றன.

158 தட்டுகள் சொன்ன கதை

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரு ஆய்வு மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை அவர்கள் விலைக்கு வாங்கினார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. அந்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை எத்தனை தெரியுமா? 12 மட்டுமே! மற்றவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்களும், மருத்துவக் குறிப்புகளும், தனிப்பட்ட கடிதங்களும் கிடைத்தன. ஒரு தட்டு வங்கியின் ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்ததாகவே தோன்றியது. முடிவுகள் 2003இல் வெளியாயின.

விற்றவர்களில் பலர் தம் தட்டுகளை ஃபார்மட் செய்துவிட்டுத்தான் விற்றார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கவலையற்றவர்கள் அல்லர். அழித்துவிட்டதாக நம்பியவர்கள்.

காந்தத் தட்டில் எழுத்து

சரி, உண்மையாகவே அழிப்பது எப்படி? அதற்கு, எழுதுவது எப்படி என்று தெரிய வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டினுள் கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வட்டத் தட்டுகள் உள்ளன. அவற்றின்மேல் மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கிறது. மடிக்கணினிகளில் உள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். தட்டைத் தொடாமல் மிக நெருங்கி மிதக்கும் ஒரு தலை, படலத்தின் நுண்ணிய பகுதிகளை ஒரு திசையிலோ அதற்கு எதிர்த்திசையிலோ காந்தமாக்குகிறது. இத்திசைகளைக் கொண்டே 0, 1 என்ற இரு குறிகளும் பதிவாகின்றன. 500 ஜிகாபைட் தட்டில் இத்தகைய குறிகள் ஏறத்தாழ 4 லட்சம் கோடி!

இத்தட்டை ஒரு சிலேட்டுப் பலகையாகக் கருதலாம். எழுதிய இடத்தின்மேல் மீண்டும் எழுதினால் பழையது போய்விடும். ஆகவே தட்டு முழுவதும் 0 என்றே எழுதிவிட்டால் போதும். இதற்கு மேலெழுதுதல் என்று பெயர்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நொடிக்கு 100 மெகாபைட் எழுதும் தட்டு என்று கொள்வோம். 500 ஜிகாபைட் என்பது 5,00,000 மெகாபைட். அதை 100ஆல் வகுத்தால் 5,000 நொடிகள்; அதாவது சுமார் 1 மணி 23 நிமிடம். ஒரு நொடியில் முடிந்துவிட்டதாகச் சொல்லும் எந்த மேலெழுதலையும் ஏன் நம்பக்கூடாது என்பது இப்போது விளங்கும்.

35 முறை எழுத வேண்டுமா?

‘ஒருமுறை எழுதினால் போதாது, 35 முறை எழுத வேண்டும்’ என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1996இல் நியூசிலாந்து அறிஞர் பீட்டர் குட்மன் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அக்காலத் தட்டுகளில் குறிகளைப் பதியும் முறைகள் பலவாக இருந்தன. எந்தத் தட்டில் எந்த முறை என்று தெரியாதவர்களுக்காக, எல்லா முறைகளுக்கும் பொருந்தும் வகையில் 35 வகை எழுத்துகளை அவர் வரிசைப்படுத்தினார். மக்கள் காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்! இக்காலத் தட்டுகளுக்கு அந்த 35 முறை தேவையில்லை என்று குட்மனே பின்னர் விளக்கினார். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும், காந்தத் தட்டுக்குப் பொதுவாக ஒருமுறை மேலெழுதினாலே போதும் என்கிறது.

சுவரெழுத்து போன்ற எஸ்.எஸ்.டி.

இனிமேல்தான் சிக்கல். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் சுழலும் தட்டே கிடையாது. எஸ்.எஸ்.டி. எனப்படும் சிப்புகளே உள்ளன. பென் டிரைவிலும் இதே வகைச் சிப்புதான். இதில் காந்தம் இல்லை. மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கின்றன. ஓர் அறையில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதே அங்குள்ள குறி. மின்சாரம் நின்றாலும் அவை வெளியேறுவதில்லை.

இச்சிப்பில் ஒரு விந்தை. சிறு பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும். சுவரில் விளம்பரம் எழுதும் ஓவியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியை மாற்ற வேண்டுமானாலும் சுவர் முழுவதற்கும் வெள்ளையடித்தாக வேண்டும். அது வேலைமிக்க செயல். மேலும் ஒரு சுவருக்கு இத்தனை முறைதான் வெள்ளையடிக்கலாம் என்ற வரம்பும் உண்டு. எனவே ஓவியர் என்ன செய்கிறார்? ஏற்கெனவே வெள்ளையடித்த வேறொரு சுவரில் புதிய வரியை எழுதிவிட்டு, ‘இனி அங்கே பாருங்கள்’ என்கிறார். பழைய சுவரில் பழைய எழுத்து, வெள்ளையடிக்கும்வரை, அப்படியே இருக்கிறது!

எஸ்.எஸ்.டி.யின் உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தி என்னும் சிப்பே அந்த ஓவியர். ஒரு கோப்பின்மேல் நீங்கள் 35 முறை எழுதினாலும் அவை 35 வேறு இடங்களில் போய் விழலாம். மேலும், உங்கள் கண்ணுக்குக் காட்டாத உபரிச் சுவர்கள் சிலவும் அதனிடம் உண்டு. 2011இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நடந்த ஆய்வு, காந்தத் தட்டுக்கான கோப்பழிப்பு முறைகள் எஸ்.எஸ்.டி.க்குப் பயன்படவில்லை என்று காட்டியது.

அப்படியானால் வழி என்ன? ஓவியரிடமே கட்டளையிடுவதுதான். ‘எல்லாச் சுவர்களுக்கும் வெள்ளையடி’ என்று பொருள்படும் ‘செக்யூர் இரேஸ்’ போன்ற கட்டளைகள் இச்சாதனங்களில் உண்டு. உபரிச் சுவர்களையும் எட்டக்கூடியவை இவை.

சாவியைத் தொலைக்கும் வழி

எல்லாவற்றையும்விட அழகான வழி ஒன்று இருக்கிறது. எழுதும்போதே எல்லாவற்றையும் மறைமொழியில் எழுதி வைப்பது. இதைக் குறியாக்கம் என்பார்கள். மறைமொழியைத் திறக்க ஒரு சாவி வேண்டும். அது ஒரு நீண்ட எண். 256 குறிகள் கொண்ட சாவி என்றால், அத்தகைய சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்ட ஓர் எண்! ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது எந்தக் கணினிக்கும் இயலாது.

இப்போது தட்டைத் துடைக்க வேண்டுமா? சாவியை அழித்துவிடுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் பொருளற்ற குப்பையாகிவிடும். ஆனால் இரு நிபந்தனைகள். தொடக்கத்திலிருந்தே குறியாக்கம் நடந்திருக்க வேண்டும். சாவியின் மறுபடி வேறெங்கும் பிறர் கையில் இருக்கக்கூடாது. புதிய கணினி வாங்கியவுடனே குறியாக்கத்தை இயக்கி வைக்கச் சொல்வது இதனால்தான்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை

பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

1. வேண்டியவற்றை முதலில் வேறொரு சாதனத்தில் படியெடுங்கள். படிகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். முறையாகத் துடைத்தபின் திரும்பி வராது.

2. மின்னஞ்சல் முதலிய எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள்.

3. மின்னேற்றியை இணைத்து வையுங்கள். பாதியில் நின்றால் வேலை கெடும்.

4. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘ரீசெட் திஸ் பிசி’ என்பதைத் தேர்ந்து, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்று சொல்லுங்கள். அங்கே நின்றுவிடாதீர்கள்! ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்று ‘க்ளீன் டேட்டா’ என்பதை இயக்குங்கள். நாமாக இயக்கினாலன்றி அது செயற்படாது. ‘சி’ டிரைவ் மட்டுமின்றி ‘டி’ டிரைவும் சேருமாறு, எல்லா டிரைவ்களையும் துடைக்கும் தெரிவையும் கொடுங்கள். நிழற்படங்கள் பெரும்பாலும் ‘டி’யில்தானே இருக்கும்!

5. எஸ்.எஸ்.டி. ஆனால், அதைத் தயாரித்த நிறுவனம் தரும் மென்பொருளிலோ, கணினியின் பயாஸ் பட்டியலிலோ ‘செக்யூர் இரேஸ்’ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. முடிந்தபின் மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டித் தேடுங்கள். ஒன்றும் அகப்படவில்லை என்றால் நிம்மதியாகக் கொடுக்கலாம்.

கணினியே இயங்கவில்லையா? தட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை முறைப்படி பதிவுபெற்ற மின்கழிவு நிலையத்தில் கொடுக்கலாம். சுத்தியலால் அடிப்பவர்கள் இரண்டை நினைவில் கொள்ளவேண்டும். மடிக்கணினித் தட்டுகள் பல கண்ணாடியாலானவை. சில்லுகள் கண்ணில் தெறிக்கும். மின்கலத்தைத் துளைத்தாலோ தீப்பற்றும். எஸ்.எஸ்.டி.க்கு அருகே காந்தத்தைக் காட்டுவதால் எப்பயனும் இல்லை. காரணத்தை நீங்களே இப்போது சொல்லிவிடுவீர்கள்.

செய்து பாருங்கள்

தேவையான எதுவும் இல்லாத பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்து மலர்ப் படங்களை ஏற்றி, பின் அழித்துவிடுங்கள். ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மீட்பு மென்பொருளைக் கொண்டு தேடுங்கள். மீட்ட படங்களைக் கணினியில் சேமியுங்கள்; பென் டிரைவிலேயே சேமிக்காதீர்கள். எத்தனை மலர்கள் திரும்பி வந்தன? இனி ‘குவிக் ஃபார்மட்’ செய்து மீண்டும் தேடுங்கள். கடைசியாக ‘குவிக்’ என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்து தேடுங்கள். மூன்று முறையும் ஆன நேரத்தையும், கிடைத்த படங்களின் எண்ணிக்கையையும் அட்டவணையாக எழுதுங்கள். இந்த அட்டவணை, மேலே படித்த பாதியைத் தானே விளக்கிவிடும்.

அக்கம்பக்கத்தார் சிலர் அச்சத்தால் பழைய கணினியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் அச்சமே இல்லாமல் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். முன்னது ஒரு மாணவனின் படிப்புக்கு இழப்பு. பின்னது ஒரு குடும்பத்தின் பாதுகாப்புக்கு இழப்பு. இரண்டும் வேண்டியதில்லை. ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால் போதும். சுத்தமான பலகையை அடுத்த வீட்டுப் பிள்ளை கையில் கொடுக்கலாம்.

சிந்தியுங்கள்

1. 1,000 ஜிகாபைட் தட்டில், நொடிக்கு 125 மெகாபைட் வேகத்தில் ஒருமுறை மேலெழுத எவ்வளவு நேரம் ஆகும்? 35 முறை என்றால்?

2. ஒரு கோப்பை அழித்துவிட்டு, அதே தட்டில் புதிய கோப்புகளை ஏற்றிக்கொண்டே போனால், பழைய கோப்பை மீட்கும் வாய்ப்பு ஏன் குறைகிறது?

3. தவறுதலாக ஒரு நிழற்படத்தை அழித்துவிட்ட நண்பருக்கு, இக்கட்டுரையைக் கொண்டு நீங்கள் கூறும் முதல் அறிவுரை என்ன?