பைன் காட்டின் அமைதி

கச்சிராயபாளையத்திலிருந்து கல்விச் சுற்றுலாவாகக் கொடைக்கானல் சென்ற நாங்கள், தூண் பாறைக்கு அருகிலுள்ள பைன் காட்டினுள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டோம். மரங்கள் நெடிதுயர்ந்து நின்றன. உதிர்ந்த ஊசியிலைகளின் மேல் காலடியோசையும் கேட்கவில்லை. "தேவாலயத்தில் நிற்பது போல் இருக்கிறது" என்றாள் தோழி ஒருத்தி.

"ஒரு பறவையாவது பாடுகிறதா, கேளுங்கள்" என்றார் அறிவியல் ஆசிரியை. கேட்டோம். காற்றோசை மட்டுமே இருந்தது.

காரணத்தை அவரே விளக்கினார். பைன் மரம் பூத்துக் காய்ப்பதில்லை; கூம்புகளில் விதை தருகிறது. மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது. ஆகவே வண்டுக்குத் தேனில்லை, பறவைக்குக் கனியில்லை. இலைகள் எளிதில் மக்காததால் அடியில் பிற செடிகள் முளைப்பதும் அரிது. இம்மரங்கள் மனிதர் நட்டவை. பழனி மலையில் பரவலாக நடப்பட்ட பைன் இனம் ஒன்று மெக்சிகோ நாட்டுக்கு உரியது. இம்மலையின் சொந்தச் செல்வம் சோலைக்காடும் புல்வெளியுமே. மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்து ஓடைகளுக்கு அளிப்பவை அவையே.

எங்கள் கோமுகி அணைக்கு நீர் வருவது கல்வராயன் மலையிலிருந்து. முள்ளும் கொடியும் குருவிச் சத்தமுமான அந்தக் காட்டை நாங்கள் அழகென்று எண்ணியதே இல்லை. ஊர் திரும்பியபின் அந்தச் சத்தத்தை நின்று கேட்கிறோம். இறைவன் நமக்குத் தந்த காடு அது. அதனைக் காப்பது நம் கடமையன்றோ!