இலையின் இடப்பக்கம்

அப்பாவுக்கு வாதம் அடித்து மூன்றாம் மாதமே கைத்தடியில்லாமல் நடந்தார். பேச்சும் குழறவில்லை. "மீனாட்சி புண்ணியம், தப்பிச்சிட்டாரு" என்றது தெரு. நாங்களும் நம்பினோம்.

முதலில் காட்டிக்கொடுத்தது வாழை இலைதான். வலப்பக்கம் வழித்துத் துடைத்திருக்கும். இடப்பக்கம் பொரியலும் ஊறுகாயும் வைத்தது வைத்தபடி கிடக்கும். கேட்டால், "உங்கம்மா பொரியலே வைக்கலையேடா" என்பார். அம்மாவுக்குக் கோபம் வரும்.

ஒரு சாயங்காலம் ஆளைக் காணவில்லை. கீழமாசி வீதி மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். மண்டியிலிருந்து தெற்கே வந்தால் எங்கள் சந்து இடப்பக்கம் பிரியும். மண்டிக்குப் போய்வந்தவர் அதைத் தாண்டி, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி என்று வலப்பக்கமாகவே திரும்பியிருக்கிறார், சித்திரைத் தேர் சுற்றுகிற அதே வழி. இரண்டாம் சுற்றில் பிடித்தோம். "நம்ம சந்த அடைச்சுப்புட்டாய்ங்களா?" என்றார்.

நரம்பியல் மருத்துவர் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களும் வலது பாதியில் நெருக்கியடித்து நின்றன. அடைப்பு மூளையின் வலப்பக்கம். கண்ணில் பழுதில்லை, இடப்பக்கத்தை மூளை கவனிப்பதில்லை என்றார். மறதி வந்தால்தான் மூளைக் கோளாறு என்று நினைத்திருந்தோம். அப்பாவுக்குப் பழைய மிளகாய் விலைகூட நினைவிருந்தது. போனது கவனமும் வரிசையும். காப்பி போடச் சொன்னால் பால் காயுமுன் டம்ளரில் சீனி போட்டு ஆற்றுவார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் கை கால் பற்றி மட்டுமே இருந்தது. அதனால் சொல்கிறேன்: நினைவையும் கவனத்தையும் சோதித்தீர்களா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தவை சின்னச் சின்ன வேலைகள். கணக்கு நோட்டின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு. அது கண்ணில் பட்ட பிறகே அந்த வரியைப் படிக்க வேண்டும். குளியலுக்கு, செய்ய வேண்டியதை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிய சிலேட்டு. பேசும்போது டிவியை அணைப்போம், ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வோம். பிபி மாத்திரையில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. அடுத்த அடைப்பு வந்தால் புத்தி இன்னொரு படி இறங்கிவிடலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, சாக்குச் சொல்ல வழியில்லை.

சாப்பாட்டின் நடுவே இலையைத் திருப்பிப் போடலாம் என்றேன். நுனி வலப்பக்கம் வந்தால் ஆகாது என்று அம்மா தடுத்தாள். தட்டுக்கு மாறினோம், பாதியில் நான் சுற்றிவிடுவேன். போன மாதம் அவரே தட்டைச் சுற்றிக்கொண்டார். பொரியலை வாயில் போட்டுவிட்டு, உப்பு பத்தலை என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் உப்பு ஜாடியை எடுத்துவந்து இடப்பக்கம் வைத்தாள்.