ஸ்டெப்னி கனத்தால் தொங்கும் பின்கதவு

கேள்வி: நான் செஞ்சியில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 2021 மாடல் மகிந்திரா தார், ஹார்டு டாப். மேல்மலையனூர் பக்கம் எங்கள் நிலத்துக்குப் போகிற வழி முழுக்கச் சல்லியும் பாறையும்தான். வண்டியோடு வந்த 245/75 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர்16 மட் டயரும் அகலமான இரும்பு ரிம்மும் போட்டேன். ஸ்டெப்னியும் அதே அளவு. பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பழைய சக்கரம் 31 கிலோ, புதியது 39 கிலோ. இப்போது பின்கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. குண்டும் குழியுமான இடத்தில் ‘டக் டக்’ என்று சத்தம். கீலுக்குப் பக்கத்தில் பெயிண்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. ஐந்து எம்எம் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் பட்டறையில். செய்யலாமா?

– வாசகர், செஞ்சி

பதில்: வேண்டாம். தகட்டைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் இன்றைக்கே ஸ்டெப்னியைக் கதவிலிருந்து இறக்குங்கள். பின் சீட்டை மடக்கி, சக்கரத்தை உள்ளே படுக்கவைத்து, ராட்செட் பெல்ட்டால் இறுகக் கட்டுங்கள். கட்டாமல் வைத்தால் சடன் பிரேக்கில் 39 கிலோவும் முன்சீட்டை நோக்கித்தான் வரும். பெயிண்டில் தெரியும் அந்தக் கோடு பெரும்பாலும் பெயிண்டோடு நிற்பதில்லை. அடியில் தகட்டில் விரிசல் விழ ஆரம்பித்திருக்கலாம்.

எட்டுக் கிலோதானே கூடியிருக்கிறது என்று தோன்றும். எடையைவிட அது எங்கே தொங்குகிறது என்பதே முக்கியம். கீலிலிருந்து சக்கரத்தின் நடுப்பகுதி 60 செ.மீ. தள்ளி இருக்கிறது, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 30 செ.மீ. என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கதவு திறந்திருக்கும்போது 31 கிலோ சக்கரம் மேல் கீலை 62 கிலோ விசையோடு வெளியே இழுக்கும், கீழ்க் கீலை அதே அளவு உள்ளே அழுத்தும். 39 கிலோ என்றால் அது 78. கதவின் சொந்த எடை இதில் சேரவில்லை. சாத்தியிருக்கும்போது லாட்ச் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஆனால் வண்டி குழியில் இறங்கி ஏறுகிற நொடியில் இந்த விசை இரண்டு மூன்று மடங்காகிவிடும்.

அகலமான டயரால் இன்னொரு தொல்லை உண்டு. சக்கரத்தின் எடை கதவை விட்டுப் பின்னால் தள்ளிப் போகிறது. இடுப்பில் அணைத்த குடத்துக்கும் கை நீட்டிப் பிடித்த குடத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. டயர் கதவில் இடிக்கிறது என்று ரிம்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஸ்பேசர் போட்டிருந்தால் தொல்லை இன்னும் கூடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். ஸ்டெப்னியை இறக்குவதற்கு முன், கதவைப் பாதி திறந்து, டயரின் அடிப்பக்கத்தைப் பிடித்து மெல்ல மேலே தூக்கி இறக்குங்கள். கீலின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஆட்டம் தெரிந்தால் பின்னோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. கீலை மாற்றினால் போதும். கீல் அசையாமல், அது பொருந்தியிருக்கும் தகடு மட்டும் உப்பி அடங்கினால் பாதிப்பு பாடியில். இரண்டும் இறுக்கமாக இருந்து சக்கரம் மட்டும் ஆடினால் பிராக்கெட் போல்ட்டுகளைப் பாருங்கள். கதவில் இருக்கும் ரப்பர் ஸ்டாப்பரில் டயர் நன்றாக அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அழுந்தாத சக்கரம் ஒவ்வொரு குழியிலும் தானாக ஒரு அடி கொடுக்கும். நீங்கள் கேட்கும் ‘டக் டக்’ பல வண்டிகளில் இதுதான்.

இனி அந்த ஐந்து எம்எம் தகடு. கதவின் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன்மேல் ஐந்து மில்லிமீட்டர் இரும்பை முழுவதுமாகச் சுற்றி வெல்டிங் அடித்தால், வெல்டிங் முடியும் விளிம்பில் ஒரு பக்கம் வளையவே வளையாத இரும்பு, மறுபக்கம் வெப்பத்தில் வலுவிழந்த மெல்லிய தகடு. அடுத்த விரிசல் சரியாக அந்தக் கோட்டிலேயே விழும். உள்பக்கத் துருத்தடுப்புப் பூச்சும் எரிந்துபோகும். நம் ஊர் மழைக்காலம் இரண்டு கடந்தால் துரு வெளியே வந்துவிடும். கதவைத்தான் பலப்படுத்துகிறோமே தவிர, எடை கடைசியில் போய்ச் சேரும் கீலும் அது பொருந்தியிருக்கும் பாடித் தூணும் அப்படியே இருக்கின்றன. தகட்டின் எடையும் அவற்றின் தலையில்தான்.

சரியான வேலை வேறு மாதிரி. சக்கரத்தின் எடை கதவுத் தோலில் தங்காமல் பிராக்கெட்டிலிருந்து நேராகக் கீலுக்குப் போக வேண்டும். ஜீப் ராங்ளருக்கு வெளிநாட்டில் விற்கும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் கிட்டுகளில் சில இந்த வழியில் செய்தவை. கீலும் சக்கரத் தாங்கியும் ஒரே கட்டாக இருக்கும், கதவு அதன்மேல் பொருந்தியிருக்கும். உங்கள் வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்த கிட் கிடைத்தால் வாங்குங்கள். பட்டறையில் செய்வதாக இருந்தால் வெல்டிங்கைக் குறைத்துப் போல்ட்டை நம்புங்கள். உள்பக்கம் இரண்டு, மூன்று எம்எம் தகட்டை அகலமாக, மூலைகளை உருட்டி வையுங்கள். போல்ட் போகும் இடத்தில் உள்தோலுக்கும் வெளித்தோலுக்கும் நடுவே குழாய்த் துண்டு செருகச் சொல்லுங்கள். அது இல்லாமல் முறுக்கினால் கதவு நசுங்கும், ஒரே மாதத்தில் போல்ட் தளரும். ஏற்கெனவே விழுந்த விரிசலின் இரண்டு முனைகளிலும் மூன்று எம்எம் துளை போட்ட பிறகே அதை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது கட்டாயம்.

அசையும் கதவில் எடையைத் தொங்கவிடுவது என்றைக்குமே ஒரு சமரசம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் எம்பி ஜீப்பில் ஸ்டெப்னி பின்னால்தான் இருந்தது. ஆனால் அந்தப் பின்பலகை திறக்காது, பாடியோடு சேர்ந்தது. 1945இல் திறக்கும் பின்கதவோடு சிஜே-2ஏ வந்தபோது ஸ்டெப்னியை வண்டியின் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நம் மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் பின்கதவிலும் ஸ்டெப்னி தொங்கியது, ஆனால் அந்த வண்டிக்குரிய சிறிய சக்கரம். கதவையும் கீலையும் தொழிற்சாலை கணக்கிடுவது தான் தரும் சக்கரத்தை வைத்துத்தான்.

சேஸிஸில் பொருத்தும் பின் பம்பரும், அதிலிருந்து தனியாகத் திறக்கும் தாங்கியும் கதவுக்கு முழு விடுதலை தரும். ஆனால் வண்டியின் பின்புறம் நிறைய எடை கூடும், நீளமும் கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, முறையின்றிச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். எதைச் செய்வதற்கு முன்பும் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். பெரிய டயர் நம்பர் பிளேட்டையோ விளக்கையோ மறைக்கவும் கூடாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்கும் செஞ்சிக்கும் போய்வருகிற வண்டிக்குப் பெரிய ஸ்டெப்னி தேவையில்லை. கதவைச் சரிசெய்து, பழைய 31 கிலோ சக்கரத்தையே அதில் மாட்டுவேன். அதன் விட்டம் புதியதைவிட 30 எம்எம் குறைவு, அதனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பின் டயர் பஞ்சரானால் முன் டயர் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். 2எச்-இல் எஞ்சின் இழுவை பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். பின் ஆக்ஸிலில் இரண்டு அளவு இருந்தால் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். சிறிய ஸ்டெப்னி முன்னால் இருக்கும்போது நான்கு சக்கர இழுவைக்கான 4எச், 4எல் எதையும் போடாதீர்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். மெதுவாகப் பஞ்சர் கடை வரை போக இது தாராளம்.

கேள்வி: இப்போது ஸ்டெப்னியே இல்லாத கார்கள் வருகின்றனவே? நானும் என் ஜிம்னியின் ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு, பஞ்சர் கிட் மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

– வாசகர், திருவண்ணாமலை

பதில்: டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும் பழுதுபார்க்கும் கிட்டும் தொழிற்சாலையிலிருந்தே இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. அவை இரண்டும் உள்ள கார்களுக்கு நகரச் சாலையில் சரி. ஆனால் கிட்டால் டயரின் நடுப்பட்டையில் ஏறிய ஆணியின் துளையைத்தான் அடைக்க முடியும். திருவண்ணாமலை, செஞ்சிப் பக்கத்துக் கருங்கல் சில்லு டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும், அதற்கு எந்தக் கிட்டும் உதவாது. ஜிம்னியின் 195/80 ஆர்15 சக்கரம் அதன் பின்கதவுக்கென்றே கணக்கிட்டது. அது அங்கேயே இருக்கட்டும். காற்று மட்டும் மாதம் ஒரு முறை பாருங்கள்.