கூரைச் சோலார்: எந்தத் திட்டம், எத்தனை கிலோவாற்?

இலங்கையில் கூரைக்குச் சோலார் போட விசாரிக்கும் வீட்டுக்காரருக்கு முதலில் காட்டப்படுவது மாத வருமானக் கணக்குத்தான். இத்தனை கிலோவாற் போட்டால் மின்சார சபையிடமிருந்து இத்தனை ரூபா வரும், வங்கிக் கடன் தன்பாட்டில் கட்டுப்பட்டுவிடும் என்பார்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்த கடந்த 12 மாத மின்பட்டியலை முதலில் எடுத்து விரிக்க வேண்டும். வீட்டுச் சோலாரின் பெரிய இலாபம் விற்கும் அலகில் இல்லை, சபையிடம் வாங்காமல் விடும் அலகில் இருக்கிறது. எந்தத் திட்டத்தில் சேர்வது, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்ற இரண்டு கேள்விக்கும் இதை வைத்தே விடை தேடலாம்.

2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' தொடங்கியபோது, முன்பே இருந்த நெற் மீற்றரிங் முறையோடு நெற் அக்கவுண்டிங், நெற் பிளஸ் என்ற இரண்டும் சேர்ந்தன. நெற் மீற்றரிங்கில் காசு கைமாறாது. பகலில் கொடுத்த அலகு இரவில் எடுத்த அலகோடு கழியும், மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு வரவாகப் போகும். நெற் அக்கவுண்டிங்கிலும் கழிவு அப்படித்தான், ஆனால் மிஞ்சிய அலகுக்குப் பணம் தருவார்கள். நெற் பிளஸ் வேறு வகை. கூரையில் விளைவது முழுவதும் தனி மின்மானி வழியாகச் சபைக்குப் போகும், வீட்டுப் பாவனைக்கு வழமையான பட்டியல் வரும். அப்போது விற்பனை விலை முதல் 7 ஆண்டுக்கு அலகு 22 ரூபா, அடுத்த 13 ஆண்டுக்கு 15.50 ரூபா.

மாதம் 300 அலகு பாவிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நம் வெயிலில் 1 கிலோவாற் சோலார் மாதம் சராசரியாக 110 முதல் 120 அலகு தரும். முதல் கிலோவாற், பாவனையை 185 அளவுக்குக் கொண்டுவந்துவிடும். பாவனை கூடக் கூட அலகின் விலை படிப்படியாக ஏறுவதால், அது அழிப்பது 180-க்கு மேற்பட்ட படியை, அதாவது 2025 கட்டணத்தில் அலகு 50 ரூபாவைத் தாண்டிய பகுதியை. இரண்டாவது கிலோவாற் நடுப் படிகளை அழித்து 70-க்கு இறக்கும். மூன்றாவது கிலோவாற்றுக்கு மிஞ்சியிருப்பவை மலிவான அடிப்படிகள் மட்டுமே. அவற்றையும் முடித்த பிறகே விற்க ஏதாவது மிஞ்சும். ஆக, முதல் கிலோவாற்றுக்கும் மூன்றாவதற்கும் ஏறக்குறைய ஒரே செலவு செய்தாலும் வரவு ஒன்றல்ல. இதே வீடு நெற் பிளஸ் எடுத்தால், கூரையின் அலகை 2025 விலையில் இருபது சொச்ச ரூபாவுக்கு விற்றுவிட்டு, அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்து உச்சப் படி அலகை வாங்கும். வெளியூரில் இருப்பவர்களின் பூட்டிய வீட்டுக்கு, அல்லது கூரை பெரிதாகவும் பாவனை மிகச் சிறிதாகவும் உள்ள இடத்துக்கு நெற் பிளஸ் பொருந்தலாம். ஆட்கள் குடியிருந்து நன்றாகப் பாவிக்கும் வீட்டுக்கு அது நட்டம். மற்ற இரண்டில், மிஞ்சும் அலகை வரும் மாதங்களில் நீங்களே பாவிப்பீர்கள் என்றால் மீற்றரிங், ஆண்டு முழுவதும் மிஞ்சிக்கொண்டே போகும் என்றால் அக்கவுண்டிங்.

"விலை கூடினால் பெரிதாகப் போட்டவர்தானே வெல்வார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விற்பனை விலை 37 ரூபா வரை போனதும் உண்மை. ஆனால் 2025-இல் 5 கிலோவாற்றுக்கு உட்பட்ட புதிய இணைப்புக்கு அது 20.90 ரூபாவானது. இதற்கு அரசின் மனமாற்றம் மட்டும் காரணமல்ல. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்தொகுதியில் பட்டு நாடு முழுவதும் இருண்டது. தேவை குறைந்த விடுமுறை நாளில் சோலார் நிறைந்து, சுழலும் பெரிய ஜெனரேற்றர்கள் குறைவாக ஓடும்போது, ஒரு சிறிய அதிர்ச்சியைக்கூட வலையமைப்பால் தாங்க முடிவதில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் 3 மணி வரை சோலாரை நிறுத்தி வைக்கும்படி வீட்டுக்காரர்களிடம் சபை கேட்டுக்கொண்டது. நடுப்பகல் மின்சாரம் தேவைக்கு மேல் இருக்கிறது, இரவு உச்ச நேரத்தில் போதவில்லை. பகல் அலகின் விலை மேலும் சரியும் என்று எண்ணித் திட்டமிடுவதே பாதுகாப்பு. விதிகளை அடிக்கடி மாற்றி, கடன் எடுத்தவர்களைத் தவிக்க விடுவதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கண்டனத்தை நம்பிக் கடன் எடுக்க முடியாது. பழைய ஒப்பந்தம் கையில் உள்ளவர்கள் அதை விட்டுவிடாமல் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

பற்றரி விடயம் இங்கேதான் வருகிறது. சேமித்த மின்சாரத்தை இரவு உச்ச நேரத்தில் கொடுத்தால் அலகுக்கு 45.80 ரூபா என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. பகல் அலகைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பற்றரி விலை இன்னும் கையைக் கடிக்கிறது என்பது சரியான மறுப்புத்தான். எல்லோரும் உடனே வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாதாரண ஒன்-கிரிட் இன்வேட்டர், வீதியில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது, கூரை நிறைய பனல் வைத்திருந்தும் பற்றரி இல்லாத வீடுகளில் வெயில் நேரத்தில்கூட மின்விசிறி சுழலவில்லை. நிறுவுநர் இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்க வேண்டும். இப்போது பற்றரிக்கு வசதியில்லை என்றாலும், பின்னர் இணைக்கக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டரைக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எடுப்பது நல்லது. தண்ணீர் மோட்டர், சலவை இயந்திரம், இஸ்திரிக்கை ஆகியவற்றைப் பகலுக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை.

கூரையையும் நன்றாகப் பார்க்க வேண்டும். தொடராக இணைத்த பனல்களில் ஒன்றின் மேல் தென்னோலை நிழல் விழுந்தாலும் முழு வரிசையின் உற்பத்தியும் குறையும். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை மாரிக் காலத்தில் அலகு இறங்கும் என்பதால் சராசரியை ஆண்டுக்குத்தான் பார்க்க வேண்டும், வெயில் மாதத்துக்கல்ல. கடலோரமென்றால் தாங்கிகளுக்கு அலுமினியமும் துருப்பிடிக்காத ஆணிகளும் வேண்டும். பனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் சொல்வார்கள், இன்வேட்டரோ 10 ஆண்டு அளவில் மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். விண்ணப்பிக்கும் நாளில் எந்தத் திட்டங்கள் திறந்திருக்கின்றன, என்ன விலை, எத்தனை ஆண்டுக்கு என்பதைச் உங்கள் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே முற்பணம் கொடுங்கள். மாதம் 60 அலகுக்குள் பாவிக்கும் வீடென்றால், மலிவான படியிலேயே இருக்கும் அந்தப் பட்டியலைக் குறைக்கக் கடன் எடுத்துச் சோலார் போட வேண்டிய தேவை இல்லை.