காலையில் கண் ஒப்பரேசன், மாலையில் வீடு: அதன் பிறகு?

“காலையில போனேன், பின்னேரம் வந்திட்டேன். இதெல்லாம் ஒரு ஒப்பரேசனா?”

கண்ணில் வெள்ளை எடுத்துக்கொண்டு வரும் நம் பெரியவர்கள் பலர் இப்படிச் சொல்வதைக் கேட்கிறோம். சொல்லிவிட்டு நான்காம் நாளே கொழுந்துக் கூடையைத் தேடுகிறார்கள். ஒப்பரேசன் ஒரு நாளில் முடியும். காயம் ஆறுவதற்கு வாரக்கணக்காகும். அந்த வாரங்களில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதே இம்முறை நமது பாடம்.

ஏன் அன்றே அனுப்புகிறார்கள்?

முன்பு கண்புரை எடுத்தவர்கள் தலையை அசைக்காமல் பல நாட்கள் படுத்திருந்தார்கள். தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை வைப்பார்கள். 1949ஆம் ஆண்டு லண்டனில் டொக்டர் ஹரோல்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் முறையைத் தொடங்கினார். 1967இல் அமெரிக்காவில் டொக்டர் சார்ள்ஸ் கெல்மன், புரையை ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இந்த முறையில் வெட்டு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான். பெரும்பாலும் தையல் இல்லை; கண்ணை மட்டும் விறைக்கச் செய்வார்கள். அதனால்தான் அன்றே வீட்டுக்கு வர முடிகிறது.

ஆனால் பாருங்கள், தையல் இல்லாத காயம் தானாகவேதான் ஒட்டிப் பிடிக்க வேண்டும். பாரம் தூக்கி முக்கினாலோ, கண்ணைக் கசக்கினாலோ அது திறந்துகொள்ளலாம்.

முதல் இரவு கொழும்பில்

மலைநாட்டிலிருந்து கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்குப் போகும் நம்மவர்களில் பலருக்குக் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்று இரவு அங்கேயே தங்குவது நல்லது. மறுநாள் கண்ணைப் பார்க்க டொக்டர் வரச் சொல்லியிருந்தால், அதைக் காட்டாமல் ஹட்டன் பஸ் ஏற வேண்டாம்.

ஒரு கண் மூடியிருக்கும்போது படியின் ஆழம் சரியாகத் தெரியாது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய மாடிப்படிகளில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே ஏறி இறங்குங்கள். வெள்ளவத்தைக் கடற்கரையை இன்னொரு முறை பார்க்கலாம். மணலும் கடற்காற்றும் இப்போது ஆகாது. மயக்க மருந்தோ தூக்க மருந்தோ தந்திருந்தால் 24 மணி நேரம் துணையில்லாமல் இருக்கக் கூடாது. மது கூடாது. எந்தக் கடதாசியிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது.

எதற்குப் பயப்படத் தேவையில்லை?

கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தும். தண்ணீர் வடியும். கொஞ்சம் சிவந்திருக்கும். வெளிச்சம் கூசும். சில நாட்கள் மங்கலாகவும் தெரியலாம். இவையெல்லாம் நாளுக்கு நாள் குறைந்து வர வேண்டும். குறைந்து வந்தால் சரி.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. சொட்டு மருந்தை டொக்டர் சொன்ன நாள்வரை விடுங்கள். பெரும்பாலும் நான்கு வாரமளவு இருக்கும். கண் தெளிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

2. முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். போத்தலின் நுனி கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். எழுத்து வாசிக்க முடியாதவர்களுக்கு ஒரு போத்தலில் சிவப்பு நூல் கட்டிக் கொடுங்கள்.

3. படுக்கும்போது கண் மூடியைப் போடுங்கள். தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போகும்.

4. டொக்டர் சொல்லும்வரை தலை முழுக வேண்டாம். கழுத்துக்குக் கீழே குளியுங்கள். திருநீறு பூசினால் தூள் கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. கொழுந்துக் கூடை, தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு மூன்றும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அடுப்புப் புகையும் மருந்து அடிக்கும் வேலையும் ஆகாது.

6. தாய்ப்பால், தேன், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் போடும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

7. கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம். பார்வை நிலைப்பதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முன்கூட்டி வாங்கினால் காசு வீண்.

எப்போது ஓட வேண்டும்?

வலி குறையாமல் கூடினால், தெரிந்த பார்வை மறுபடி மங்கினால், சிவப்பு அதிகரித்தால், சீழ் வந்தால், மின்னல்போல் வெட்டினால், திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தால் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குள் கிருமி போனால் பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் காட்டிவிடும். சில மணி நேரத் தாமதத்திலும் பார்வை போய்விடலாம். “பனடோல் போட்டுப் படுத்தா விடிஞ்சா சரியாயிடும்” என்று இருந்துவிடாதீர்கள். நுவரெலியா, கண்டி, பதுளை என்று கண் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரி எது கிட்டவோ அங்கே உடனே போங்கள். போகும்போது கிளினிக் கொப்பியையும் மருந்துப் போத்தல்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

பேர் விழாத நாட்கள்

எல்லாம் சரி, வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எத்தனை நாள் ஓய்வு, எப்போது பாரம் தூக்கலாம் என்று டொக்டரிடம் கேட்டு, அதை எழுதியே வாங்குங்கள். துண்டைத் தோட்ட ஆபீசில் கொடுத்து இலேசான வேலை கேளுங்கள். நாலு நாள் சம்பளத்துக்காகக் கண்ணை இழந்தால் பிறகு எந்த மலையிலும் கொழுந்து பறிக்க முடியாது.

ஒப்பரேசனுக்கு நாள் கிடைத்ததும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மூன்று விடயம் பேசி வையுங்கள்:

முதல் இரவு யார் வீட்டில் தங்குவது?
சொட்டு மருந்து விடுவது யார்?
தண்ணீரும் விறகும் யார் சுமப்பது?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதிச் சுகம் அப்போதே வந்துவிட்டது.