படகு மோட்டாருக்கு எந்தப் பாட்டரி?

வைக்கம்–தவணக்கடவு துறையில் 2017-இல் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’, 75 பேர் பயணம் செய்யும் சூரிய மின்படகு. 2023-இல் கொச்சி வாட்டர் மெட்ரோவும் வந்தது. நம் மட்டாஞ்சேரிக் காயலில் சிறு படகுக்கு மின்மோட்டார் பொருத்த விரும்புவோருக்குச் சில குறிப்புகள்.

கார் பாட்டரி வேண்டாம். அது எஞ்சினைக் கிளப்பச் சில நொடிகள் மட்டும் பெரும் மின்னோட்டம் தருவதற்கானது. அடிக்கடி சார்ஜ் இறங்கினால் விரைவில் கெடும். ‘டீப் சைக்கிள்’ வகையே ஏற்றது.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம்.

பக்க இணைப்பு: நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை. கிடைப்பது 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி.

தொடர் இணைப்பு: ஒன்றின் நேர்முனையோடு மற்றதன் எதிர்முனை. கிடைப்பது 24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. ரயில் பெட்டியில் 2 வோல்ட் செல்களைக் கோத்து 110 வோல்ட் பெறுவதும் இப்படித்தான்.

மோட்டாரில் குறித்துள்ள வோல்ட் எதுவோ, அதற்கேற்ப இணைக்க வேண்டும்.

ஈய-அமில பாட்டரியில் பாதியை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள். 12 வோல்ட் மோட்டார் 40 ஆம்பியர் இழுத்தால், 100 ÷ 40 = இரண்டரை மணி. நடைமுறையில் இரண்டு மணி என்றே வையுங்கள். திரும்பும்போது நீரோட்டம் எதிர்த்தால் நேரம் கூடும்.

நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் அவசியம். இல்லையேல் ஷார்ட் ஆனால் வயர் தீப்பற்றும். பழையதோடு புதியதைச் சேர்க்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிப்படும்; காற்றோட்டம் வேண்டும்.

பிள்ளைகளோடு போகும்போது உயிர்காப்பு அங்கியும் ஒரு துடுப்பும் கட்டாயம் இருக்கட்டும்.