உப்புத் தண்ணி உங்க பர்ஸையும் கரைக்குதா? சாஃப்ட்னர் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!

பால் கணக்கு, கரண்ட் பில், பெட்ரோல் எல்லாத்தையும் எழுதி வைக்கிறோம். ஆனா குழாய்த் தண்ணி நமக்கு எவ்வளவு செலவு வைக்குதுன்னு என்னைக்காவது எழுதிப் பார்த்திருக்கோமா?

கள்ளக்குறிச்சியைச் சுத்தி புது நகர்கள்ல குடியிருக்கிற பலருக்கு போர் தண்ணிதான் கதி. ஷவர் ஓட்டை அடைச்சுக்குது, பக்கெட்ல வெள்ளைப் படிவம், சோப்பு நுரையே வரமாட்டேங்குது. இதுல பணம் எங்கே கசியுது, எதுக்குச் செலவு பண்ணலாம், எதுக்குப் பண்ணக் கூடாதுன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

மலையில நல்ல தண்ணி, போர்ல உப்புத் தண்ணியா?

கல்வராயன் மலையில விழுற மழையில உப்பு கிட்டத்தட்ட கிடையாது. அது ஓடையா இறங்கி கோமுகி அணைக்கு வர்ற வரைக்கும் பாறையோட பழகுற நேரம் குறைவு. அதே தண்ணி பூமிக்குள்ள இறங்கி, பாறை இடுக்குல வருஷக்கணக்கா தங்கினா கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைச்சுக்கும். இதைத்தான் கடினத்தன்மைன்னு சொல்றோம்.

இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 படி, குடிநீர்ல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேற தண்ணியே இல்லைன்னா 600 வரை அனுமதி.

ஒரு சின்னக் கணக்கு

உங்க போர்ல 600 இருக்குன்னு வச்சுக்குவோம். வீட்டுல 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர், மொத்தம் 540 லிட்டர். 540 × 600 மில்லிகிராம் = 324 கிராம். அதாவது தினமும் சுமார் கால் கிலோவுக்கு மேல சுண்ணாம்புக் கணக்கு உப்பு உங்க பைப்புக்குள்ள நுழையுது. வருஷத்துக்கு 118 கிலோ! எல்லாம் படியாது; பெரும்பகுதி சாக்கடையில போயிடும். ஆனா தண்ணி சூடாகும் இடத்துல, காயும் இடத்துல படியும்.

பணம் கசியும் இடங்கள்

- கீசர்: ஹீட்டர் காயில் மேல படிவம் போர்வை மாதிரி மூடிக்கும். காயில் அளவுக்கு மேல சூடாகி, சீக்கிரம் போயிடும்.
- சோப்பு, பவுடர்: சோப்பு முதல்ல கால்சியத்தோட சேர்ந்து திரியுது. மிச்சம் இருந்தாத்தான் நுரை.
- குழாய், ஷவர், வாஷிங் மெஷின்: அடைப்பு, பிளம்பர் கூலி.
- கேன் தண்ணி: வாரம் 3 கேன், கேன் 35 ரூபாய்னா வருஷத்துக்கு 5,460 ரூபாய்.

பயமுறுத்தி விற்கிறவங்ககிட்ட உஷார்!

வீட்டுக்கு வந்து, ரெண்டு கம்பி இருக்கிற கருவியை உங்க தண்ணியில விடுவாங்க. தண்ணி செம்மண் நிறமா மாறும். ஆர்ஓ தண்ணி மட்டும் தெளிவா நிக்கும். "பாருங்க சார், இதைத்தான் பிள்ளைங்க குடிக்குது!"ம்பாங்க.

உண்மை என்னன்னா, அந்தக் கம்பியில இருக்கிற இரும்புதான் கரையுது. ஆர்ஓ தண்ணியில உப்பு குறைவு, கரண்ட் பாயாது, அதனால நிறம் மாறாது. அதே ஆர்ஓ தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் காட்டச் சொல்லுங்க. அதுவும் கலங்கும். கடினத்தன்மைக்குன்னு உலக சுகாதார நிறுவனம் உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் வைக்கலை. பயத்துல செக் எழுதாதீங்க.

எந்த வரிசையில செலவு பண்ணலாம்?

1. முதல்ல டெஸ்ட். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியாக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கட்டணம் கட்டி டெஸ்ட் பண்ணுங்க. நைட்ரேட், ஃப்ளூரைடும் சேர்த்துப் பாருங்க. உடம்புக்குக் கெடுதல் பண்றது அதுங்கதான்.

2. காசில்லாத வேலை. கீசரை 50 டிகிரி பக்கம் வைங்க; சூடு கூடக் கூட படிவம் கூடும். ஷவர் தலையைக் கழட்டி, மளிகைக் கடையில லெமன் சால்ட்னு கிடைக்கிற சிட்ரிக் ஆசிட் கரைசல்ல ஊறப் போடுங்க. பிளீச்சிங் பவுடரோட மட்டும் கலந்துடாதீங்க, விஷவாயு வரும்.

3. மழை. 1,000 சதுர அடி மாடியில 1 செ.மீ. மழை பெய்தா சுமார் 929 லிட்டர். 80 சதவீதம் பிடிச்சாலும் 740 லிட்டர். போர் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்தா கடினத்தன்மையும் கிட்டத்தட்ட பாதி.

4. சாஃப்ட்னர் கடைசியில. வீடு முழுக்க வேண்டாம். கீசர், வாஷிங் மெஷின் லைனுக்கு மட்டும் போதும். தினம் 150 லிட்டருக்கு மாசம் சுமார் 6 கிலோ உப்பு ஆகும். மெஷின் 30,000 ரூபாய், வருஷத்துக்கு மிச்சம் 5,000, உப்புச் செலவு 1,080ன்னு வச்சுக்குவோம். நிகர மிச்சம் 3,920. போட்ட காசு திரும்ப ஏழரை வருஷத்துக்கு மேல! கீசர் அடிக்கடி போற வீட்டுக்கு இந்தக் கணக்கு மாறும்; வாடகை வீட்டுக்கு ஒத்தே வராது.

சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடும். பிபி இருக்கிறவங்களுக்கு அந்தத் தண்ணியில சமைக்காதீங்க. குடிக்க ஆர்ஓ வச்சிருந்தா, கழிவுத் தண்ணியைப் பிடிச்சு தரை துடைக்க, டாய்லெட்டுக்கு ஊத்துங்க.

உங்களுக்கு ஒரு ஹோம் ஒர்க்: போன வருஷம் கீசர், பிளம்பர், கேன் தண்ணி மூணுக்கும் ஆன செலவை ஒரு தாள்ல எழுதிக் கூட்டுங்க. அந்தத் தொகையைப் பார்த்த பிறகு மெஷின் வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!